சிப்பாய் வரிசையிலிருந்து அதிகாரிப் பயிற்சிக் கழகம் வரை

ஒரு சமூகத்தின் வரலாற்றை அதன் கோயில்களிலும் கோட்டைகளிலும் தேடுவோர் உளர். நம் சமூகத்தின் வரலாற்றை அவ்விடங்களில் தேடினால் கல் சுமந்த தோள்களையே காண்போம். அத்தோள்களுக்கு உரியவரின் பெயர்களைக் காணோம். நம் முன்னோரின் பெயர்கள் எழுத்தில் ஏறிய இடங்கள் சிலவே. அவற்றுள் முதன்மையானது பட்டாளத்தின் பெயர்ப் பட்டியலாகும். ஆதலின், கல்விக்கென அமைந்த நம் கழகத்தின் வெள்ளி விழா மலரில் படையைப் பற்றி எழுதப் புகுவது பொருத்தமற்றதன்று. நமக்குக் கல்வி வந்த வழிகளுள் ஒன்று படைவழி. அவ்வழி அடைபட்ட வரலாறும், மீண்டும் திறந்த வரலாறும், இன்று உயர்நிலைப் பள்ளியில் பயிலும் நம் பிள்ளைகள் அறிய வேண்டியவை.

பட்டாளம் தந்த பள்ளி

கிழக்கிந்தியக் கம்பெனியார் சென்னை, பம்பாய், வங்காளம் ஆகிய மூன்று மாகாணங்களிலும் தனித்தனிப் படைகளை வைத்திருந்தனர். சென்னைப் படையில் பறையர் எனப் பதிவு பெற்ற நம் மக்கள் பெருந்தொகையினராகப் பணிபுரிந்தனர். 1780ஆம் ஆண்டில் தோன்றி, பின்னர்ச் சென்னைச் சாப்பர்ஸ் எனப் புகழ்பெற்ற பொறியியற் படைப்பிரிவில் அவர்களின் பங்கு மிகப் பெரிது. பாதை வெட்டவும், பாலம் அமைக்கவும், கோட்டை மதிலைத் தகர்க்கவும் வல்லாரே அப்படையில் நிற்க இயலும். அதன் வீரர்களைத் ‘தம்பிகள்’ என்று அன்புடன் அழைக்கும் வழக்கம் இன்றும் பெங்களூரில் உள்ள அப்படையின் தலைமையகத்தில் நிலவுகின்றது. தமிழ்ச் சொல் ஒன்று இந்தியப் படையின் மரபில் நிலைத்துவிட்டமைக்கு அது சான்று.

பம்பாய்ப் படையில் மகார் மக்கள் அவ்வாறே விளங்கினர். 1818 சனவரி முதல் நாள் கோரேகாவில் நிகழ்ந்த போரின் நினைவாக எழுப்பப்பட்ட தூணில் மகார் வீரர்களின் பெயர்கள் பொறிக்கப்பட்டுள்ளன. ஊர்த் தெருவில் நடக்கவும் உரிமையற்றிருந்தவரின் பெயரை மாற்றார் கல்லில் பொறித்தனர் என்பதை நாம் எண்ணிப் பார்த்தல் வேண்டும்.

படை தந்த ஊதியமும் சீருடையும் பெரியனவே. அவற்றினும் பெரிது எழுத்தறிவு. கம்பெனிப் படையில் சிப்பாய்களுக்கும், அவர்தம் ஆண் மக்கள், பெண் மக்கள் இருபாலாருக்கும் கட்டாயக் கல்வி இருந்ததை அண்ணல் அம்பேத்கர் தம் எழுத்தில் குறித்துள்ளார். தீண்டப்படாதோர்க்கு முன்னொருபோதும் இல்லாத புதுப் பார்வையை அக்கல்வியே தந்தது என்பது அவர் கருத்து. அதற்கு அவர் குடும்பமே சான்றாகும். அவருடைய பாட்டனார் மாலோஜி ஒரு சிப்பாய். தந்தையார் இராம்ஜி சுபேதார் நிலைக்கு உயர்ந்தவர். இராணுவப் பள்ளியில் தலைமையாசிரியராகப் பணிபுரிந்தவர். அண்ணல் 1891 ஏப்ரல் 14இல் பிறந்ததும் மாவ் என்னும் படைநிலையத்திலேயாம். அரசியலமைப்பை வரைந்த கைக்கு எழுத்தாணி வந்து சேர்ந்த வழியைத் தேடினால், ஒரு பட்டாளப் பள்ளியின் வாயிலில் கொண்டு போய் விடுகின்றது.

பாபு ஜகஜீவன்ராமின் தந்தையாரும் பெஷாவரில் பட்டாளத்தில் பணிபுரிந்தவரே. அச்சிப்பாயின் மகன் பிற்காலத்தில் நாட்டின் பாதுகாப்பு அமைச்சராகி, 1971ஆம் ஆண்டுப் போரின்போது அப்பொறுப்பில் இருந்தார்.

மூடப்பட்ட கதவு

இவ்வழி நெடுங்காலம் திறந்திருக்கவில்லை. 1857ஆம் ஆண்டுக்குப் பின், எந்தச் சாதியார் போருக்குரியார், எந்தச் சாதியார் அல்லர் எனப் பாகுபடுத்தும் கொள்கை ஆங்கில அதிகாரிகளிடையே வலுத்தது. 1881 முதல் 1885 வரை சென்னைப் படைத்தலைவராகவும், 1885 முதல் 1893 வரை இந்தியப் படைத்தலைவராகவும் இருந்த இராபர்ட்ஸ் பிரபு அக்கொள்கையின் பெருந்தூண். தென்னாட்டு மக்களிடம் போர்க்குணம் மங்கிவிட்டது என்று அவர் கருதினார். சென்னைக் காலாட்படைகள் ஒன்றன்பின் ஒன்றாகக் குறைக்கப்பட்டன. 1892இல் மகார்களைப் படையில் சேர்ப்பது நிறுத்தப்பட்டது.

நம்மவர் வாளாவிருந்தனரோவெனில், இல்லை. ஓய்வுபெற்ற படைவீரரான கோபால் பாபா வாலங்கர் 1894இல் அரசுக்கு விண்ணப்பம் வரைந்தார். சிவராம் ஜான்பா காம்ப்ளே முதலியோர் 1910இல் இலண்டனிலிருந்த இந்திய அமைச்சருக்கே முறையிட்டனர். அவர்கள் கேட்டவை சலுகைகள் அல்ல. முன்பு இருந்து பறிக்கப்பட்ட உரிமைகள். பட்டாளப் பள்ளியில் எழுதக் கற்ற கையே அவ்விண்ணப்பங்களை எழுதியது என்பதையும் மறத்தலாகாது.

முதல் உலகப் போரில் ஆள் வேண்டியிருந்தது. 1917இல் 111ஆம் மகார் படை திரட்டப்பட்டது. போர் முடிந்தபின், 1921இல் அது கலைக்கப்பட்டது. இரண்டாம் உலகப் போர் மூண்டபோது, 1941இல் வைசிராயின் பாதுகாப்பு ஆலோசனைக் குழுவில் இடம்பெற்ற அண்ணல் இடைவிடாது வற்புறுத்தினார். அவ்வாண்டு அக்டோபரில் பெல்காமில் மகார் ரெஜிமென்ட் உருவாயிற்று. 1943இல் சமார் ரெஜிமென்ட் தோன்றியது. 1946இல் அதுவும் கலைக்கப்பட்டது. போர் வந்தால் அழைப்பதும், போர் ஓய்ந்தால் அனுப்புவதுமாக இருந்த நிலை இது. சிப்பாயாக நிற்பவனின் இடம் பிறர் முடிவில் தங்கியிருந்தது. முடிவு செய்யும் இடத்தில் நம்மவர் இல்லை.

அதிகாரிகளை ஆக்கிய பள்ளிகள்

முடிவு செய்யும் இடத்தில் இருந்தவர் யார்? அவர்கள் எங்கே உருவாயினர்? வரலாற்றின் இப்பகுதியே நம் இளைஞர்க்கு மிகத் தேவையானது.

முதல் உலகப் போர் முடியும் வரை, இந்தியப் படையில் முழு அதிகாரம் பெற்ற அதிகாரிகளாக வர இந்தியர்க்கு அநேகமாக வழியில்லை. 1918இல் இங்கிலாந்தின் சாண்ட்ஹர்ஸ்ட் கல்லூரியில் ஆண்டுக்குப் பத்து இடங்கள் இந்தியர்க்கு ஒதுக்கப்பட்டன. அவ்விடங்களுக்குச் சிறுவர்களைப் பயிற்றவே, 1922 மார்ச்சில் டேராடூனில் வேல்ஸ் இளவரசர் பெயரால் ஓர் இராணுவப் பள்ளி திறக்கப்பட்டது. அங்குச் சேர்ந்தோர் பெரும்பாலும் சிற்றரசர், நிலக்கிழார், படை அலுவலர் ஆகியோரின் மக்கள். 1925இல் ஸ்கீன் குழு அமைந்தது. மோதிலால் நேருவும் ஜின்னாவும் அதில் இடம்பெற்றனர். அதிகாரியாகத் தகுந்த இளைஞரை நம் நாட்டுப் பள்ளிகள் ஆக்கித் தருகின்றனவா என்னும் வினா அக்குழுவின் முன் பெரிதாக நின்றது. இறுதியில் 1932 அக்டோபர் முதல் நாள், நாற்பது மாணவருடன் டேராடூனில் இந்திய இராணுவக் கழகம் தொடங்கியது. பின்னாளில் பீல்டு மார்ஷலாக உயர்ந்த மானெக்சா அந்த நாற்பதின்மருள் ஒருவர்.

விடுதலைக்குப் பின், 1949 சனவரியில் முப்படைக்கும் பொதுவான பயிற்சி டேராடூனில் தொடங்கிற்று. அவ்வாண்டு அக்டோபர் 6இல் புனேக்கு அருகில் கடக்வாஸ்லாவில் நேரு அடிக்கல் நாட்டினார். அங்கு எழுந்த தேசிய பாதுகாப்புக் கழகம் 1955 சனவரியில் முறையாகத் தொடங்கி வைக்கப்பட்டது. சென்னைப் பரங்கிமலையில் 1963இல் அதிகாரிகள் பயிற்சிப் பள்ளி அமைந்தது. 1988 முதல் அது பயிற்சிக் கழகம் எனப் பெயர் பெற்றது.

இங்கு ஓர் உண்மையை நேருக்கு நேர் நோக்குவோம். மகார் ரெஜிமென்டில் அதிகாரியாகச் சேர்ந்த கிருஷ்ணராவ் 1981இலும், செங்கற்பட்டில் பிறந்த தமிழரான சுந்தர்ஜி 1986இலும் தரைப்படையின் தலைமைத் தளபதி ஆயினர். இருவரும் பெருமைக்குரிய வீரர்கள், அதில் ஐயமில்லை. ஆயினும், அவ்விருவரும் அப்படைப்பிரிவுக்குப் பெயர் தந்த சமூகத்தினர் அல்லர். படையின் பெயர் நம்முடையது. படையின் தோள் நம்முடையது. தலைமைக்கு ஏறும் படி வேறிடத்தில் இருந்தது. அப்படி ஒரு தேர்வு மண்டபத்தில் தொடங்கியது. அம்மண்டபத்திற்குச் செல்லும் வழி ஒரு நல்ல உயர்நிலைப் பள்ளியில் தொடங்கியது. அப்பள்ளியே நம் பிள்ளைகளுக்கு எட்டாதிருந்தது.

கடல் கடந்த ஒரு சான்று

நம்மைப் போன்றே ஒடுக்கப்பட்ட அமெரிக்கக் கறுப்பின மக்களின் வரலாறு இவ்விடத்தில் நமக்கு ஒளி தருகின்றது. அடிமையாகப் பிறந்த ஹென்றி பிளிப்பர் 1873இல் வெஸ்ட் பாயிண்ட் இராணுவக் கழகத்தில் சேர்ந்து, 1877இல் அங்குப் பட்டம் பெற்ற முதல் கறுப்பர் ஆனார். 1882இல் அவர் படையிலிருந்து நீக்கப்பட்டார். அவர் மறைந்து பல்லாண்டுகள் கழித்து, 1999இல் அந்நாட்டுத் தலைவர் அவருக்கு மன்னிப்பு வழங்கினார்.

அந்நாட்டில் அக்கழகங்களில் சேர வேண்டுமாயின், பொதுவாக மக்கள் மன்ற உறுப்பினர் ஒருவர் மாணவனை முன்மொழிதல் வேண்டும். கறுப்பரான உறுப்பினர் ஆஸ்கர் டிபிரீஸ்ட் முன்மொழிந்தமையால் 1932இல் பெஞ்சமின் டேவிஸ் வெஸ்ட் பாயிண்டில் புகுந்தார். நான்கு ஆண்டுகள் உடன்பயின்றோர் கடமைக்கன்றி அவரோடு பேசவில்லை, அறைத்தோழனும் இல்லை, உணவு மேசையிலும் தனிமை. அவர் 1936இல் தேறி வெளிவந்து, உலகப் போரில் கறுப்பின விமானப்படைப் பிரிவுக்குத் தலைமை தாங்கிப் பின் தளபதியாக உயர்ந்தார். கடற்படைக் கழகத்தில் பட்டம் பெற்ற முதல் கறுப்பரான வெஸ்லி பிரௌன் 1949இல் தேறினார். அவர் வாஷிங்டன் நகரின் டன்பர் உயர்நிலைப் பள்ளி மாணவர். கறுப்பினப் பிள்ளைகளுக்கெனவே அமைந்து, தேர்ந்த ஆசிரியர்களையும் மாணவர் படையையும் பெற்றிருந்த பள்ளி அது.

இதனால் நாம் அறிவன இரண்டு. வாயிலைத் திறக்க ஒரு பிரதிநிதி வேண்டும். திறந்த வாயிலில் நுழைய ஒரு பள்ளி வேண்டும். முன்னதை அம்மக்கள் தேர்தலால் பெற்றனர். பின்னதைத் தம் சமூகத்து ஆசிரியர்களின் உழைப்பால் பெற்றனர்.

சைனிக் பள்ளிகளின் தோற்றம்

நம் நாட்டில் அத்தகைய பள்ளியை அரசே தர முன்வந்தது 1961இல். பாதுகாப்பு அமைச்சர் கிருஷ்ண மேனன், அதிகாரிகள் சில வட்டாரத்தினராகவும் சில வகுப்பினராகவும் மட்டுமே இருக்கும் குறையைப் போக்கக் கருதினார். எளிய குடும்பத்துச் சிறுவரையும் தேசிய பாதுகாப்புக் கழகத்திற்கு ஆயத்தம் செய்ய சைனிக் பள்ளிகள் பிறந்தன. 1962 சூலையில் உடுமலைப்பேட்டைக்கு அருகே அமராவதி நகரில் தமிழகத்துக்கான பள்ளி தோன்றியது.

இப்பள்ளிகளில் தாழ்த்தப்பட்டோர்க்கு நூற்றுக்குப் பதினைந்து இடங்களும், பழங்குடியினர்க்கு ஏழரையும் ஒதுக்கப்பட்டுள்ளன. இதன் முக்கியத்துவம் பலர்க்கும் விளங்குவதில்லை. படை அதிகாரிப் பதவிகளில் சாதி அடிப்படையில் ஒதுக்கீடு இல்லை. தேசிய பாதுகாப்புக் கழகத்தின் தேர்விலும் இல்லை. ஒதுக்கீடு நமக்குத் துணை நிற்கும் கடைசிப் படி பள்ளிச் சேர்க்கையே. பத்து வயதில் அப்படியைத் தவறவிட்டவன் பதினேழாம் வயதில் திறந்த போட்டியில் தனித்து நிற்க வேண்டியவனாகின்றான். ஆகவே, பெற்றோர் விழித்திருக்க வேண்டிய காலம் மகன் மீசை அரும்பும் காலமன்று. அவன் ஐந்தாம் வகுப்பில் பயிலும் காலமே.

ஆறாம் வகுப்பிலும் ஒன்பதாம் வகுப்பிலும் நுழைவுத் தேர்வின் வழிச் சேர்க்கை நிகழ்கின்றது. ஆறாம் வகுப்புக்கான தேர்வைத் தமிழிலும் எழுதலாம். ஒன்பதாம் வகுப்புக்கு ஆங்கிலத்தில் மட்டுமே எழுதவியலும். தமிழ்வழி பயிலும் நம் பிள்ளைகளுக்கு எது எளிய வாயில் என்பது வெளிப்படை. 2021-22 கல்வியாண்டு முதல் எல்லாச் சைனிக் பள்ளிகளும் பெண் குழந்தைகளுக்கும் திறக்கப்பட்டன. கட்டணம் எளியோர்க்குப் பெருஞ்சுமையே. எனினும், பெற்றோரின் வருமானத்திற்கு ஏற்ப உதவித்தொகை உண்டு என்பதை அறியாமலே பலர் பின்வாங்குகின்றனர்.

உயர்நிலைப் பள்ளியில் ஆயத்தம்

சைனிக் பள்ளியில் இடம் பெறாதவர் மனந்தளர வேண்டா. ஊர்ப் பள்ளியில் பயின்றவாறே தேசிய பாதுகாப்புக் கழகத்திற்கு விண்ணப்பிக்கலாம். மத்திய அரசுப் பணியாளர் தேர்வாணையம் ஆண்டுக்கு இருமுறை தேர்வு நடத்துகின்றது. ஒவ்வொரு முறையும் கடற்படைக் கழகத்து இடங்களையும் சேர்த்து ஏறத்தாழ 400 இடங்கள். பயிற்சி தொடங்கும்போது வயது பதினாறரைக்கும் பத்தொன்பதரைக்கும் இடைப்பட்டிருத்தல் வேண்டும். பன்னிரண்டாம் வகுப்பில் பயில்வோரும் எழுதலாம். தாழ்த்தப்பட்டோர், பழங்குடியினர், பெண்கள் ஆகியோர்க்கு விண்ணப்பக் கட்டணம் இல்லை.

கணிதத்திற்கு 300 மதிப்பெண், பொதுத்திறனுக்கு 600, அதில் ஆங்கிலம் மட்டும் 200. வினாத்தாள் ஆங்கிலத்திலும் இந்தியிலும் மட்டுமே அமைகின்றது, தமிழில் இல்லை. தவறான விடைக்கு உரிய மதிப்பெண்ணில் மூன்றில் ஒரு பங்கு கழிக்கப்படும். இதில் தேறியோர்க்குத் தேர்வு வாரியத்தின் நேர்காணல் 900 மதிப்பெண்ணுக்கு ஐந்து நாள் நிகழும். எழுத்துத் தேர்வுக்கும் நேர்காணலுக்கும் சம மதிப்பு என்பதைக் கவனிக்க.

இக்கணக்கிலிருந்தே நாம் செய்ய வேண்டியன தெளிவாகும். முதலாவது, பதினோராம் வகுப்பில் பாடப்பிரிவைத் தேர்வு செய்யும் நாள். தரைப்படைக்கு எப்பிரிவினரும் விண்ணப்பிக்கலாம் எனினும், கணிதம் கல்லாதவன் 300 மதிப்பெண்ணை எங்ஙனம் பெறுவான்? விமானப்படைக்கும் கடற்படைக்கும் இயற்பியல், வேதியியல், கணிதம் மூன்றும் இன்றியமையாதவை. ‘உனக்குக் கணக்கு வராது’ என்று சொல்லி நம் பிள்ளைகளை வேறு பிரிவுக்குத் தள்ளும் வழக்கம் பல பள்ளிகளில் உண்டு. அச்சொல்லுக்குப் பெற்றோர் தலையசைத்துத் திரும்புவாராயின், அந்நொடியே ஒரு கதவு மூடிவிடுகின்றது.

இரண்டாவது, ஆங்கிலம். இலக்கணம் மனப்பாடம் செய்தால் மட்டும் போதாது. நாள்தோறும் ஒரு நாளிதழைப் படித்து, படித்ததைப் பத்து வரியில் எழுதி, நண்பர் முன் நின்று சொல்லிப் பழகுதல் வேண்டும். எட்டாம் வகுப்பில் தொடங்கினால் நான்கு ஆண்டுகள் கிட்டும். பன்னிரண்டில் தொடங்கினால் நான்கு மாதங்களே கிட்டும்.

மூன்றாவது, உடல். கண்பார்வை, பற்கள், தட்டைப் பாதம், முழங்கால் ஒட்டுதல் முதலியவற்றை மருத்துவர் ஆராய்வர். இவற்றுட் பலவற்றை இளமையிலேயே கண்டறிந்தால் திருத்தலாம். பச்சை குத்திக்கொள்வதிலும் விதி உண்டு. முன்கையின் உட்புறம் முதலிய சில இடங்கள் தவிரப் பிறவிடத்துப் பச்சை ஏற்கப்படுவதில்லை. விளையாட்டாய்க் குத்திய ஒரு பெயர் வாழ்நாள் வாய்ப்பைக் கெடுத்தலாகாது.

நான்காவது, நேர்காணல். படத்தைக் கண்டு கதை எழுதுதல், சொல்லைக் கண்டதும் தோன்றும் எண்ணத்தை எழுதுதல், குழுவாக நின்று தடைகளைக் கடத்தல் எனப் பலவகைச் சோதனைகள் அதில் உண்டு. பெருமை பேசுபவனை அங்குத் தேடுவதில்லை, பொறுப்பேற்பவனையே தேடுகின்றனர். விடுமுறையில் வேலைக்குச் சென்று வீட்டைத் தாங்கியவன், தம்பி தங்கையருக்குப் பாடம் சொல்லித் தந்தவள், தெருவில் தீப்பற்றியபோது முன் ஓடியவன் ஆகியோர்க்குச் சொல்ல உண்மை இருக்கின்றது. அவ்வுண்மையைத் தலைநிமிர்ந்து சொல்லும் பழக்கம் மட்டுமே நம்மவர்க்குக் குறை. 1948இல் தோன்றிய தேசிய மாணவர் படை உங்கள் பள்ளியில் இருப்பின் அதில் சேருங்கள். அணிவகுப்பும் கட்டளைக் குரலும் கூச்சத்தைப் போக்கும்.

பெண் மக்களுக்கு

2021 ஆகஸ்டில் உச்ச நீதிமன்றம் அளித்த ஆணையால் தேசிய பாதுகாப்புக் கழகத்தின் வாயில் பெண்களுக்குத் திறந்தது. 2022இல் முதல் அணியினர் சேர்ந்தனர். 2025 மே மாதம் பதினேழு பெண்கள் பயிற்சி முடித்து வெளிவந்தனர். பட்டாளப் பள்ளியில் ஒரு காலத்தில் நம் பெண்களும் கல்வி பெற்றனர் என முன்னர்க் கண்டோம். அவர்தம் வழித்தோன்றல்களுக்கு இது புதிய உரிமையும் பழைய உரிமையும் ஆகும்.

நம் கடமை

2022இல் வந்த அக்னிபத் திட்டத்தின்படி சிப்பாயாகச் சேர்வோர் நான்கு ஆண்டுகள் பணிபுரிவர். அவர்களுள் நான்கில் ஒரு பங்கினரை மட்டுமே நிலையாக வைத்துக்கொள்ள அத்திட்டம் வகை செய்தது. சிப்பாய்ப் பணி இழிவன்று. நம் முன்னோர் உயர்ந்ததே அதனால்தான். ஆயினும், அழைக்கப்பட்டும் அனுப்பப்பட்டும் வந்த வரலாற்றை உடைய நாம், அதிகாரி நிலையையும் நோக்குதல் காலத்தின் கட்டாயம். தேசிய பாதுகாப்புக் கழகத்தில் உணவு, உறைவிடம், உடை, நூல், மருத்துவம் அனைத்தும் அரசின் செலவு. ஏழ்மை அங்குத் தடையன்று. அங்குச் செல்லும் வரையிலான ஆறேழு ஆண்டுகளே ஏழைக்குத் தடை.

அந்த ஆறேழு ஆண்டுகளைத் தாங்குவதே நம் கழகத்தின் கடமையாதல் வேண்டும். ஐந்தாம் வகுப்புப் பிள்ளைகளுக்குச் சைனிக் பள்ளித் தேர்வுக்கான மாலை வகுப்பு, பத்தாம் வகுப்பு முடிப்போர்க்குப் பாடப்பிரிவு பற்றிய அறிவுரை, ஒரு சிறு நூலகம், ஓடிப் பழக ஒரு திடல் ஆகிய நான்கும் பெரும்பொருள் வேண்டாதவை. ஓய்வுபெற்ற படைவீரர் நம் தெருக்களில் பலர் உளர். அவர்கள் ஆசிரியராக முன்வருவாராக.

வாலங்கர் விண்ணப்பம் எழுதினார், பதில் பெறவில்லை. அண்ணல் வாதாடினார், ஒரு படைப்பிரிவு பிறந்தது. இன்று எழுத வேண்டிய விண்ணப்பம் இணையவழிப் படிவமாக, கட்டணமும் இன்றி, ஆண்டுக்கு இருமுறை நம் பிள்ளைகளுக்காகக் காத்திருக்கின்றது. இளைஞர்களே, அதில் உங்கள் பெயரை எழுதுங்கள். பட்டியலில் ஏறிய நம் முன்னோர் பெயர்களுக்கு அடுத்த வரி அதுவேயாகும்.